ஜி கணக்கை நம்புவதற்கு முன்: அலவாங்கு, கயிறு, ஓர் அரிசி ஆலை முற்றம்

சாதாரண ரயர் போட்ட ஒரு நிசான் மார்ச் வளைவில் 1.4 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பின் அளவு இழுப்பு) எடுத்ததாகப் போன் காட்டினால் காரை மெச்ச வேண்டாம். போன் எங்கே, எப்படி இருந்தது என்று கேளுங்கள். தெருவில் ஓடுகிற ரயர் நல்ல காய்ந்த தாரிலேயே 0.8, 0.9 ஜி வரும்போது கத்தத் தொடங்கி வழுக்கிவிடும். 1.4 என்பதெல்லாம் பந்தயத்துக்கென்றே செய்யும் மென்ரப்பர் ரயர்களின் கணக்கு. மச்சானின் போனில் அந்த எண் வந்த அன்று கராஜில் பெரிய கொண்டாட்டம். எனக்கு மட்டும் சந்தேகம். கிளிநொச்சியில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவனுக்குப் போன்களின் மேல் அவ்வளவு பக்தி இராது.

"நீ எப்பவும் இப்படித்தான், ஒரு சந்தோசத்தையும் விடமாட்டாய்" என்றான் மச்சான். சரி, சந்தேகப்பட்டவன்தானே கணக்கும் காட்ட வேண்டும். வேலை அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

எங்கள் பக்கத்தில் கார் ஓட்டிப் பழக நிரந்தரத் தார்த் தடம் இல்லை. கிரவல் என்றால் அனுராதபுரத்துச் சாலியபுர, தார் என்றால் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த விமான ஓடுபாதை. எதற்கும் பெற்றோல், பயணம், தங்குமிடம் என்று காசு கரையும். அங்கே போய் நின்றுகொண்டு போனைச் சரிபார்க்க நேரம் கிடையாது. ஆகவே ஊரிலேயே, வீட்டிலேயே முடிக்கக்கூடியதை முடித்துவிட்டுப் போவதுதான் புத்தி. இதில் நான் கண்டது, போனுக்குள் இருக்கும் சென்சர் பெரும்பாலும் யோக்கியமானது. எண்ணைக் கெடுப்பவை அதைச் சுற்றியுள்ள மற்றவை: பிடிமானம், சரிவு, சூடு, காரின் சாய்வு, செயலி தானாகச் செய்யும் 'உதவி'. இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் 'பூச்சியம்' ஆக்கப் பார்த்தால் எது எங்கே பிழைத்தது என்று கடைசிவரை தெரியாது.

அந்தச் சென்சர் என்பது சிலிக்கனில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு எடை. அதைச் சிலிக்கன் விற்கள் தாங்கிக்கொண்டிருக்கும். எடை எவ்வளவு நகர்ந்தது என்பதை மின்கொள்ளளவத்தின் மாற்றத்தைக் கொண்டு சிப் அளக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆர்முடுகல் என்று படித்ததைத்தான் இது அளக்கிறது, ஆனால் ஒரு விசேசம் உண்டு: மேசையில் சும்மா கிடக்கும் போனும் 9.8 காட்டும், கைதவறி விழும் போன் விழுகிற நேரம் முழுக்கப் பூச்சியம் காட்டும். புவியீர்ப்பையும் காரின் ஓட்டத்தையும் அதனால் வேறுபிரிக்க முடியாது. போன் ஒரு பாகை சாய்ந்தால் கார் நின்ற இடத்திலேயே 0.017 ஜி பக்கவாட்டில் வந்துவிடும். மூன்று பாகை என்றால் 0.05. இந்த ஒரு விசயத்தை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் விளங்கும்.

முதலில் போனை மட்டும் பார்ப்போம். கார் வேண்டாம். படலைக்கு உள்ளே, குசினிச் சீமெந்துத் தரையே போதும். மூல எண்களை அப்படியே எழுதித் தரும் ஒரு செயலி தேவை. நான் பாவிப்பது ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் ஃபைபாக்ஸ். அதில் 'ஜி உடன்', 'ஜி இல்லாமல்' என்று இரண்டு உண்டு. 'ஜி உடன்' என்பதை எடுங்கள். காரணம் பிறகு. தாமதித்துத் தொடங்கும் வசதியும் அதில் இருக்கிறது. விரல் தட்டிய அதிர்வு அடங்கிய பிறகு பத்து செக்கன் பதியும்படி வைக்கலாம். போனின் உறையைக் கழற்றிவிட்டு ஆறு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து ஒவ்வொன்றுக்கும் சராசரி எடுக்க வேண்டும்: முகம் மேலே, முகம் கீழே, இடப்பக்கம், வலப்பக்கம், தலை மேலே, தலை கீழே. நெடுக்காக நிற்க வைக்க இரண்டு செங்கல் போதும். சத்தம் கூட்டும் பொத்தான் அழுந்தாமல் ஒரு மட்டையை இடையில் கொடுங்கள்.

கணக்கு மிகச் சின்னது. ஓர் அச்சு (சென்சர் அளக்கும் மூன்று திசைகளில் ஒன்று) மேலே பார்க்கும்போது 9.90, கீழே பார்க்கும்போது −9.66 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 0.12. அது அந்த அச்சின் நிலையான பிழை, இனி எப்போதும் கழித்துவிட வேண்டியது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாதியாக்கினால் 9.78. இது அளவுகோலின் நீளம் சரியா என்று காட்டும். இங்கே ஒரு சின்னக் குறிப்பு: செயலிகள் ஒரு ஜி என்றால் 9.80665 என்று எடுத்துக்கொள்ளும். அது உலகத்துக்கான நியமக் கணக்கு. வன்னி நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட, ஒன்பது பாகை சொச்சத்தில் இருப்பதால் இங்கே உண்மையான பெறுமானம் 9.78தான். ஆகவே 9.78 வந்தால் 'என் போன் குறைவாகக் காட்டுகிறது' என்று திருத்தப் போகாதீர்கள். போன் சரியாகச் சொல்கிறது.

இந்த இடத்தில் ஆட்கள் தேவையில்லாமல் மினக்கெடுவார்கள். ரசமட்டம் வைத்து மேசையை நேர்ப்படுத்துவது, காலுக்குக் கீழே கடுதாசி மடித்து வைப்பது என்று. வேண்டாம். மேல்நோக்கிப் பார்க்கும் அச்சு ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் அதன் எண் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குதான் குறையும். சாய்வு கெடுப்பது கிடையாகக் கிடக்கும் மற்ற இரண்டு அச்சுகளை, அவற்றை இந்தச் சோதனையில் நாம் பார்ப்பதே இல்லை. கமராப் புடைப்பால் போன் மேசையில் ஆடினாலும் பரவாயில்லை. ஆடாமல் நின்றால் சரி.

கடை அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கீழே விழுந்து அடிபட்ட போன்களில் திரை தானாகத் திரும்பாமல் அடம்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் போனை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பழைய போன் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று அதைக் காரில் பூட்டுவதில் தப்பில்லை, ஆனால் ஆறு பக்கச் சோதனையில் ஓர் அச்சு மட்டும் 9.78ஐ விட்டு வெகுதூரம் போனால் அதைத் திருத்திப் பாவிக்க நினைக்க வேண்டாம். இன்றைக்குத் திருத்திய பிழை நாளைக்கு வேறாக இருக்கும்.

பிடிமானத்துக்கு வருவோம். மச்சானின் 1.4 இங்கேதான் பிறந்தது. கண்ணாடியில் உறிஞ்சிப் பிடிக்கும், கொக்குக் கழுத்துப் போல நீண்ட தாங்கியில் போன் நின்றது. கிரவலில் சில்லு ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்தக் கழுத்து ஆடும். கார் 0.5 போனால் போன் மூன்று மடங்கு குதிக்கும். செயலி அதில் உச்சியை மட்டும் பொறுக்கி 'அதிகபட்சம்' என்று பெரிய எழுத்தில் காட்டும். திரையைப் பார்த்து வழி கேட்க அந்தத் தாங்கி நல்லது, அளக்க அது சரிவராது.

நாங்கள் கடைசியில் நிலைகொண்டது ஹான்ட் பிரேக்குக்குப் பின்னால், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில். காரின் நடுக்கோட்டிலும் இருக்கும், பாரமையத்துக்குக் கிட்டவும் இருக்கும். தச்சு வேலை செய்யும் அண்ணை ஒருவர் தேக்குத் துண்டில் போன் அளவுக்குக் குழி தோண்டித் தந்தார். அது இருக்கைக் கம்பிகளுக்கான ஆணிகளோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறது. போன் அதற்குள் இறுக்கமாக உட்காரும், மேலே ஒரு பட்டி. அடியில் பஞ்சு, தடித்த ரப்பர் எதுவும் வைக்கவில்லை. 'அதிர்வு குறையட்டும்' என்று மெத்தென்ற எதையாவது வைத்தால் போன் அதன்மேல் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கும். இன்னொன்று: தடத்தில் காருக்குள் கழன்று பறக்கும் போன் ஆளின் மண்டையைத் திறக்கும். பட்டி என்பது அளவுக்காக மட்டும் அல்ல.

போன் கூடிய மட்டும் கிடையாக இருக்க வேண்டும். செயலிகளில் உள்ள 'பூச்சியமாக்கு' பொத்தான் பல நேரம் செய்வது, நின்ற நிலையில் வந்த எண்களைக் கழிப்பது மட்டும்தான். போன் முப்பது பாகை சாய்ந்து நின்றால் கழித்த பிறகும் முன்பின் அச்சு உண்மையில் 87 சதவீதத்தைத்தான் காணும், மேடுபள்ளத்தின் குலுக்கலில் பாதி அதற்குள் வந்து கலக்கும். ஐந்து பாகைக்குள் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பூட்டி முடித்ததும் ஓர் எளிய சோதனை. எஞ்சினை நிறுத்தி வைத்துப் பத்து செக்கன், ஓடவிட்டுப் பத்து செக்கன், ஏசி போட்டுப் பத்து செக்கன் பதியுங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் 800 சுற்று என்றால் செக்கனுக்கு 26, 27 தரம் உதறும். எண்கள் மேலும் கீழும் ஆடுவது இயல்பு. சராசரி மட்டும் மாறக்கூடாது. மாறினால் போன் எங்கேயோ தளர்ந்திருக்கிறது, அல்லது பதியும் வேகம் போதாது. செக்கனுக்கு 100 தரமாவது பதிய வேண்டும். ஆண்ட்ராய்ட் 12க்குப் பிறகு சிறப்பு அனுமதி கேட்காத செயலிகளுக்கு 200தான் உச்சம், அது நமக்குத் தாராளம். மோட்டார் சைக்கிளில் இதே வேலை செய்ய நினைப்பவர்களுக்கு: வலுவான பைக் எஞ்சினின் அதிர்வு கமராவின் நடுக்கத்தடுப்புப் பொறியைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. புதுப் போனைக் கைப்பிடியில் பூட்ட வேண்டாம்.

சரி, 'ஜி இல்லாமல்' என்ற தெரிவை ஏன் விட்டோம்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, புவியீர்ப்பைப் போனே கழித்துத் தருமாம். ஆனால் எது கீழ்த்திசை என்று போன் ஊகித்துத்தான் கழிக்கிறது. நீண்ட வளைவில் கார் ஐந்தாறு செக்கன் ஒரே பக்கமாக இழுபடும்போது, 'ஆகா, நான் சாய்ந்துவிட்டேன்' என்று அது முடிவெடுத்து அந்த இழுப்பையே கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கத் தொடங்கும். வளைவு முடிந்ததும் எதிர்ப்பக்கம் இல்லாத ஓர் இழுப்பைக் காட்டும். ஜைரோ, அதாவது போன் திரும்புவதை அளக்கும் சென்சர், நன்றாக உள்ள போன்களில் இது குறைவு. விலை குறைந்த பல போன்களில் ஜைரோவே கிடையாது, அங்கே நிலைமை மோசம். மூல எண்ணை எடுத்துக் கழிப்பதை நாமே எக்செலில் செய்வது நிம்மதி.

இனிக் காரோடு. எங்கே ஓட்டுவது? ஏ9 நேராக, நல்ல தாராகக் கிடக்கிறது, ஆசை வரும். மாடு, நாய், விளக்கில்லாத உழவு இயந்திரம், முறிகண்டியில் கச்சான் வாங்க நிற்கும் சனம், எல்லாம் அதே றோட்டில்தான். 2024 ஏப்ரலில் தியத்தலாவையில் பந்தயத் தடத்திலேயே கார் விலகிப் பார்வையாளர் உட்பட ஏழு பேர் செத்தார்கள். ஒழுங்கு செய்த தடத்தில் அது நடந்தது என்றால் பொது றோட்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. வெளி நிலம் எவ்வளவோ கிடக்கிறதே என்று வெளியூரில் இருந்து வருபவர்கள் சொல்வார்கள். போர் நடந்த மண்ணில் ஆள் நடமாட்டம் இல்லாத பற்றைக் காணிக்குள் கார் இறக்குகிற வேலை எங்களுக்கு வேண்டாம். கண்ணிவெடி அகற்றிய இடமா என்று ஊர்ச்சனத்திடம் கேட்காமல் ஓர் அடியும் வைக்கக்கூடாது.

எங்களுக்குக் கிடைத்தது பெரியப்பாவின் அரிசி ஆலை. லொறி திரும்புகிற அகலமான கிரவல் முற்றம், அதையடுத்து நெல் காயவிடும் நீண்ட சீமெந்துத் தளம். காலபோக அறுவடை முடிந்து தளம் காலியாகும் வரை காத்திருந்தோம். தளத்தை நன்றாகக் கூட்ட வேண்டும். சிந்திய நெல் மணி சில்லுக்குக் கீழே உருளும், பிரேக் பிடித்தால் கார் சொன்ன சொல் கேட்காது. "தம்பியவை, தளத்தை உடைச்சுப் போடாதேங்கோ" என்பதுதான் பெரியப்பாவின் ஒரே நிபந்தனை.

தளம் கண்ணுக்கு மட்டமாகத் தெரியும். மழைத்தண்ணீர் ஓட மேசன் சரிவு வைத்துத்தான் கட்டியிருப்பார். நூற்றுக்கு ஒன்று சரிந்தாலே 0.01 ஜி. அங்கே காரை நிறுத்திப் பூச்சியமாக்கினால் தளத்தின் சரிவும் சேர்ந்து பூச்சியமாகிவிடும். வழி இருக்கிறது. கார் நின்ற இடத்தில் நாலு சில்லையும் சுண்ணாம்பால் குறியுங்கள். பத்து செக்கன் பதியுங்கள். காரைத் திருப்பி, முன்சில்லு நின்ற குறியில் பின்சில்லு வருமாறு, எதிர்த்திசை பார்த்து நிறுத்தி மீண்டும் பதியுங்கள். இரண்டின் சராசரிதான் போன் காரில் இருக்கும் உண்மையான சாய்வு. இரண்டின் வித்தியாசத்தில் பாதி தளத்தின் சரிவு. ஓட்டுபவர் உள்ளே இருக்க வேண்டும். எண்பது கிலோ ஆள் ஒரு பக்கம் ஏறினால் சிறிய காரின் மட்டம் மாறிவிடும்.

எனக்குப் பிடித்த பகுதி இனி வருவது. முற்றத்தின் நடுவில் அலவாங்கை இறுக்கி, அதில் 15 மீற்றர் கயிறு கட்டி, மருமகன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புத் தூள் தூவியபடி ஒரு சுற்று நடந்தான். கயிறு தொய்யாமல் இழுத்துக்கொண்டு நடப்பது சின்ன வேலை இல்லை, கடைசியில் தலைமுடிவரை வெள்ளை. அலவாங்கைப் பிடுங்கியாயிற்று. காரின் உட்பக்கச் சில்லுகள் அந்தக் கோட்டின்மேல் ஓட வேண்டும். போன் காரின் நடுக்கோட்டில், இன்னும் 0.7 மீற்றர் வெளியே இருக்கிறது, ஆகவே போனின் ஆரை 15.7 மீற்றர். ஒரே வேகத்தில் ஐந்து சுற்று. ஸ்டொப் வோச்சில் ஐந்துக்கும் சேர்த்து நேரம் எடுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு மட்டும் எடுத்தால் விரல் தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும், நேரம் இதில் இரு தரம் பெருக்குப்படுகிறது.

வட்டத்தில் ஓடும் பொருளின் மையம் நோக்கிய ஆர்முடுகல், ஆரையை 39.5ஆல் பெருக்கிச் சுற்று நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும். ஐந்து சுற்றுக்கு 80 செக்கன் என்றால் ஒன்றுக்கு 16. ஆரை 15.7. விடை 2.42, அதாவது 0.248 ஜி. கார் ஓடுவது மணிக்கு 22 கிலோமீற்றரில்தான், ஆபத்து ஒன்றும் இல்லை. தலைச்சுற்றுத்தான் வரும். இந்த 0.248ஐ எந்தப் போனும் சொல்லவில்லை. கயிறும் கடிகாரமும் சொல்கின்றன. போன் இதோடு ஒத்துப்போக வேண்டும்.

போனோ இடப்பக்கம் சுற்றும்போது 0.275, வலப்பக்கம் 0.27 என்றது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் நிலையான பிழை சரியாகக் கழிந்துவிட்டது என்று தெரியும். ஒரு பக்கம் 0.28, மறுபக்கம் 0.22 என்று வந்திருந்தால் காரைத் திருப்பி நிறுத்திப் பார்த்த மட்டச் சோதனைக்குத் திரும்பவும் போயிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பத்துச் சதவீதம் கூட என்றால் சென்சரின் அளவுகோல் பிழையா? அதுவும் இல்லை, ஆறு பக்கச் சோதனையில் அது சரி என்று பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது கார். வளைவில் கார் வெளிப்பக்கம் சாய்கிறது, அதோடு போனும் சாய்கிறது, சாய்ந்த போனுக்குள் புவியீர்ப்பின் ஒரு துண்டு பக்கவாட்டாக வந்து சேர்கிறது. எப்போதும் கூட்டுகிற திசையில்தான். மென்மையான சஸ்பென்ஷன் உள்ள சின்னக் கார்கள் ஒரு ஜிக்கு ஆறு பாகை அளவில் சாயும். ஆறு பாகைக்கு 0.1 ஜி. கணக்கு நேராகப் பொருந்துகிறது.

சாய்வும் ஜியும் ஒன்றாகவே ஏறுவதால் இது 0.25இலும் பத்துச் சதவீதம், 0.8இலும் ஏறத்தாழப் பத்துச் சதவீதம். ஆகவே அந்தக் காருக்கு ஒரே ஒரு வகுத்தி போதும்: பக்கவாட்டு எண்ணை 1.1ஆல் வகு. மெதுவாக ஓடிப் பெற்ற அந்த எண் தடத்தில் வேகமாக ஓடும்போதும் உதவுகிறது. போன் செயலிகளைப் பற்றிப் பேசும் பலர் சென்சரின் நுணுக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சென்சரின் பிழை 0.01 அளவில் நிற்கும்போது, கவனிக்கப்படாத காரின் சாய்வு வேகமான வளைவில் 0.08ஐக் கொண்டுவந்து சேர்க்கிறது. சஸ்பென்ஷன் மாற்றினால், காருக்குள் ஆள் கூடினால் வட்டத்தைத் திரும்ப ஓட்ட வேண்டும்.

முற்றத்தின் சரிவு வரைபில் அழகாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் மேலும் கீழுமாக ஒரு மெல்லிய அலை. முழுச் சுற்றுகளுக்குச் சராசரி எடுத்தால் அது தானாக அடிபட்டுப் போகும். நாலரைச் சுற்றுக்கு எடுத்தால் போகாது.

பிரேக்குக்குச் சீமெந்துத் தளம். மணிக்கு 40 கிலோமீற்றரை ஜிபிஎஸ் காட்டும்வரை சீராக ஓடி, நேராகப் பிடித்து, நிற்கும்வரை பதிய வேண்டும். 40 என்றால் செக்கனுக்கு 11.1 மீற்றர். பிரேக் பிடித்த நேரம் முழுவதும் வந்த எண்களைக் கூட்டி, ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள நேர இடைவெளியால் பெருக்கினால் அந்த 11.1 வர வேண்டும். வேகத்தில் இழந்தது அவ்வளவுதான், கூட வர வழியில்லை. கூட வந்தால் பிரேக்கில் காரின் முன்பக்கம் கீழே குத்துவதால் வந்த கூடுதல், பக்கச் சாய்வின் அதே கதை. நின்றதும் கார் ஒருமுறை பின்னால் ஆடும், எண் எதிர்ப்பக்கம் போகும். அதையும் சேர்த்தே கூட்டுங்கள். போனின் ஜிபிஎஸ் பொதுவாகச் செக்கனுக்கு ஒரு தரம்தான் புதுப்பிக்கும். சீரான வேகத்தைச் சொல்ல அது நல்லது, பிரேக் பிடிக்கும் இரண்டு செக்கனுக்குள் நடப்பதை அதனிடம் கேட்டுப் பயனில்லை.

இதே பதிவில் போன் திரும்பி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். நேராகப் பிரேக் பிடித்தபோது முன்பின் 0.5, பக்கவாட்டில் 0.04 என்று வந்தால் போன் நாலரைப் பாகை திரும்பியிருக்கிறது. எக்செலில் திருத்தலாம். நாங்கள் தேக்குத் துண்டின் ஆணியைத் தளர்த்தித் துண்டையே திருப்பிவிட்டோம், எக்செலை விட அது சுகம்.

சூட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சோழகம் வீசும் மாதங்களில் மத்தியானம் மூடி நிறுத்திய காருக்குள் போனைத் தொட முடியாது. சூடு ஏற ஏறச் சென்சரின் நிலையான பிழை நகரும். போன்களில் வரும் சிப்களுக்குப் பாகைக்கு ஒரு மில்லி ஜி வரை கணக்கு வைக்கலாம். காலையில் 28 பாகையில் பூச்சியம் பார்த்து, மத்தியானம் 50 பாகைச் சூட்டில் ஓடினால் 0.02 போய்விடும். அதனால் மட்டச் சோதனையைத் தடத்திலேயே, ஓடுவதற்குச் சற்று முன், செயலியைக் கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடேறிய போனில் எடுக்க வேண்டும். ஓடி வந்து நின்றதும் அதே இடத்தில் இன்னொன்று. சார்ஜில் போடாதீர்கள், திரையை மங்கலாக்குங்கள். காற்று பலமாக இருந்தால் காரை அதன் திசையில் நிறுத்துங்கள். சோழகம் பக்கவாட்டில் அறைந்தால் நிற்கிற காரே சாய்ந்து ஆடுவதை வரைபில் பார்க்கலாம்.

சாலியபுரவில் ஓடியபோது இதெல்லாம் எப்படி உதவியது? உச்ச எண்ணைப் பார்ப்பதை முதலில் நிறுத்தினோம். செக்கனுக்கு 100 பதிவு என்றால் 50 பதிவுகளின் நகரும் சராசரி, அதாவது அரைச் செக்கன். காரும் ஆளும் செய்வது அதற்குள் தெரியும், கல்லும் குழியும் அடிபட்டுப் போகும். மச்சானின் 1.4, இந்த வடிகட்டலுக்கும் 1.1 வகுத்திக்கும் பிறகு, கிரவலில் 0.5 சொச்சத்தில் வந்து நின்றது. அவனுக்கு முகம் தொங்கிப் போனது, ஆனால் கிரவலில் அதுதான் நடக்கக்கூடிய எண். மேடு தாண்டிக் கார் பறக்கும் இடத்தில் மூன்று அச்சும் பூச்சியத்துக்கு வருவதைப் பார்க்க ஆசையாக இருக்கும். அரைச் செக்கன் பூச்சியம் என்றால் கார் முப்பது சென்ரிமீற்றர் அளவில் எழும்பியிருக்கிறது. இறங்கும் அடியில் சென்சர் தன் எல்லையைத் தொட்டுவிடும். அந்த ஒரு செக்கனை வெட்டி எறிந்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் 0.02, 0.03க்குள் வரும் வித்தியாசத்தை நான் நம்புவதில்லை. முன் ரயர் காற்று 28க்கும் 32க்கும் இடையில் எது நல்லது என்று போனைக் கேட்டோம். பதில் அந்த எல்லைக்குள்ளேயே விழுந்தது, சுற்று நேரம்தான் தீர்த்து வைத்தது. போன் நன்றாகச் சொல்வது வேறொன்று: பிரேக்கை விடுவதற்கும் ஸ்டியரிங் திருப்புவதற்கும் நடுவில் மச்சான் ஒன்றும் செய்யாமல் கழிக்கும் இடைவெளி. வரைபில் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளமாக அது ஒவ்வொரு வளைவிலும் கிடந்தது. அதை நிரப்பிய பிறகு நேரம் இறங்கியது, உச்ச ஜி அப்படியே இருந்தது.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது திகதியோடு போன் எது, கார் எது, ரயர் காற்று எவ்வளவு, வெயிலா நிழலா, உள்ளே எத்தனை பேர் என்பதையும் எழுதிவிடுங்கள். மட்டச் சோதனைக் கோப்பை ஓட்டக் கோப்போடு ஒரே உறையில் போடுங்கள். போன் மாறினால் ஆறு பக்கச் சோதனை மட்டும் புதிதாக வேண்டும். கார் மாறினால் பெரியப்பாவிடம் திரும்ப அனுமதி கேட்க வேண்டும்.